ஒரு சென்ட் நிலத்துக்குள்

நாகூரில் மனை விசாரித்தால் சென்ட் கணக்கில் விலை சொல்வார்கள். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. 400 என்றோ 500 என்றோ முழு எண்ணாக வைத்திருக்கலாமே, இந்தப் புள்ளி ஆறு எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது?

ஓர் இரும்புச் சங்கிலியிலிருந்து. 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிலம் அளக்க ஒரு சங்கிலி செய்தார். 66 அடி நீளம், நூறு கண்ணி. 66-ஐ 66-ஆல் பெருக்கினால் 4,356. அதில் பத்தில் ஒரு பங்குதான் நம் சென்ட். பத்துச் சதுரச் சங்கிலி சேர்ந்தால் ஏக்கர். நானூறு ஆண்டுக்கு முந்தைய அந்தச் சங்கிலியை இன்று யாரும் தூக்கிக்கொண்டு வயலில் இறங்குவதில்லை. ஆனாலும் அதன் நீளம் இன்று பதிவாகும் பத்திரத்திலும் இருக்கிறது.

வளைந்து நெளிந்து கிடக்கும் வயலைச் சங்கிலி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு எப்படி அளந்தார்கள்? முக்கோணத்தால். மூன்று பக்க நீளமும் தெரிந்துவிட்டால் ஒரு முக்கோணம் வேறு வடிவம் எடுக்கவே முடியாது, கோணம் பார்க்கும் கருவி தேவையில்லை. வயலை முக்கோணங்களாகப் பிரிக்கும் நேர்கோடுகளை சர்வேயர்கள் ஜி-லைன் என்பார்கள். கோட்டில் இத்தனை தூரம் போனால் வரப்பு வலப்புறம் இத்தனை தள்ளி இருக்கிறது, இன்னும் சற்றுப் போனால் இடப்புறம் இத்தனை என்று ஏணிப்படி போல எண்களை எழுதிவைப்பார்கள். ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் இப்படி ஒரு தாள் உண்டு. அதுதான் புலப்படம், அதாவது ஒரே ஒரு வயலுக்கான வரைபடம். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை நாகப்பட்டினம் கரையை என்ன பாடுபடுத்தியது என்று நமக்குத் தெரியும். எல்லைக் கல்லையே தண்ணீர் கொண்டுபோனாலும், பக்கத்துப் புலங்களில் நிலையான கற்கள் சில மிஞ்சினால் போதும். புலப்படத்தின் எண்களைக் கொண்டு பழைய எல்லையை மறுபடி கண்டுபிடித்துவிடலாம்.

சங்கிலி வருவதற்கு முன்பே டெல்டாவுக்கென்று ஓர் அளவு இருந்தது. பெரியவர்கள் இன்றும் அதில்தான் பேசுகிறார்கள். 12 அடிக்கு 12 அடி ஒரு குழி. நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி, ஆறரை ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். வேலியை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. இன்றைய கணக்கில் அது 900 சதுர அடி, சின்ன வீட்டு மனை. முந்திரியை மறுபடி 320 ஆக்கினால் கீழ்முந்திரி: ஓர் ஆள் சம்மணமிட்டு உட்காரும் இடம். அதையும் 320 ஆக்கினால் பாதித் தீப்பெட்டி அளவு. சோழர் கல்வெட்டுகள் இப்படிக் 'கீழ்', 'கீழ்' என்று பின்னத்துக்குள் பின்னமாக இறங்கிப்போய் நிலத்தைப் பதிவு செய்திருக்கின்றன. வரி அந்த அளவின் மேல் விதிக்கப்பட்டது, அதனால்தான் இத்தனை கவனம்.

நாகப்பட்டினம் பக்கத்து ஆனைமங்கலத்தைச் சூடாமணி விகாரம் என்ற பௌத்த மடத்துக்குக் கொடுக்க 1006 வாக்கில் ராஜராஜன் ஆணையிட்டான். அதைப் பிறகு செப்பேட்டில் பொறித்தார்கள். மொத்தம் 21 ஏடுகள், ஊரின் பரப்பு 97 வேலிக்குச் சற்று மேல். ஒரு பெண் யானையை எல்லையோரம் நடக்கவிட்டு, அது சுற்றிவந்த வழியைப் பலர் பார்க்க உறுதிசெய்திருக்கிறார்கள். யானை போவதை ஊரே பார்க்கும், பிறகு எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. பத்திரத்தில் இன்று சாட்சிக் கையெழுத்து செய்யும் வேலையை அன்று யானை செய்தது. டச்சுக்காரர்கள் அந்தச் செப்பேட்டை நெதர்லாந்துக்கு எடுத்துப்போனதால் அது லெய்டன் செப்பேடு ஆயிற்று.

நாகூரே ஒருமுறை விலைபோன ஊர். தஞ்சை மராட்டிய மன்னர் துளஜா 1773இல் அதை டச்சுக்காரர்களுக்கு விற்றார். கப்பம் கட்டும் மன்னருக்கு விற்கும் உரிமையே கிடையாது என்று ஆற்காட்டு நவாப் எதிர்த்தார். ஆங்கிலேயப் படை அவருக்குத் துணை நின்றது. வாங்கிய ஊரை டச்சுக்காரர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதாயிற்று.

பத்திரம் வேறு, உரிமை வேறு என்பதற்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. அந்த இடைவெளி இன்னும் மூடப்படவில்லை. 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில் பதிவேட்டில் யார் பெயரோ அவரே உரிமையாளர், அதற்கு அரசு பொறுப்பு. நம் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படிப்பட்டதல்ல. இன்னார் இன்னாருக்கு எழுதிக்கொடுத்தார் என்பதைத்தான் சார்பதிவாளர் அலுவலகம் பதிகிறது. எழுதிக்கொடுத்தவருக்கு அது சொந்தமா என்று பார்ப்பது வாங்குபவர் பாடு. ஆகவேதான் மூலப்பத்திரம் வரை பின்னோக்கிப் போகிறோம், வில்லங்கச் சான்று போடுகிறோம், வருவாய்த் துறையின் பட்டாவோடு ஒத்துப்பார்க்கிறோம்.

நாகூர் போன்ற ஊரில் இந்த ஒத்துப்பார்ப்பு நுணுக்கமான கணக்காகிவிடும். இஸ்லாமிய வாரிசு முறையில் ஒருவர் மனைவியையும் மூன்று மகன்களையும் இரண்டு மகள்களையும் விட்டுச் சென்றால் சொத்து 64 பங்காகிறது. மனைவிக்கு 8, மகன் ஒவ்வொருவருக்கும் 14, மகள் ஒவ்வொருவருக்கும் 7. ஐந்து சென்ட் மனையில் ஒரு மகளின் பங்கு சுமார் 238 சதுர அடி, ஓர் அறை. அவர் சிங்கப்பூரில் இருந்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரவில்லை என்றால் அந்த அறை அவருடையதுதான். நாகூரார் கடல் தாண்டுவது நேற்று இன்று தொடங்கியதல்ல. சிங்கப்பூரின் தெலோக் ஆயர் தெருவில் 1828க்கும் 1830க்கும் இடையே கட்டிய நாகூர் தர்கா நிற்கிறது. வெளிநாட்டில் இருந்து வாங்குவோருக்கு இன்னொரு செய்தி: வெளிநாடுவாழ் இந்தியர் வீடும் மனையும் வாங்கலாம், விவசாய நிலத்தை விலைக்கு வாங்க முடியாது.

நிலம் எப்படிப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். வக்பு நிலம் தனியார் கைக்கு விலைபோகக் கூடாதது, கோயில் நிலத்தை அறநிலையத் துறை அனுமதியின்றி விற்க முடியாது. கடலின் ஏற்றக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுமானத்துக்குக் கடலோர ஒழுங்குமுறை விதிகள் உண்டு.

பணக் கணக்கு எளிது. 2023 ஏப்ரல் நிலவரப்படி முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2. அந்தக் கணக்கில் பத்து லட்ச ரூபாய் மனைக்கு 90,000 ரூபாய். ஆண்டுக்கு 6 விழுக்காடு விலை ஏறுவதாக வைத்துக்கொண்டால், அந்தச் செலவு திரும்ப மட்டும் ஒன்றரை ஆண்டு ஆகும். இரட்டிப்பாகப் பன்னிரண்டு ஆண்டு. காலி மனை வாடகை தராது. இது அவசரக்காரர்களுக்கான முதலீடு அல்ல.

பெருநகரம் போல இங்கே விலை பாய்ந்து ஏறாததற்கு ஒரு காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. 2020இல் தமிழக அரசு காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கியது. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளுக்கும் உருக்காலைகளுக்கும் தோல் பதனிடும் ஆலைகளுக்கும் இடமில்லை. வாங்குபவருக்கு இது இழப்பாகத் தோன்றலாம். எனக்கு நேர்மாறாகப் படுகிறது. காரணம் மண்ணுக்கு அடியில் உள்ளது.

ஒரு லிட்டர் கடல்நீர், நல்ல தண்ணீரைவிட ஏறத்தாழ 25 கிராம் எடை கூடுதல். எனவே 41 அடி நன்னீர், 40 அடி உப்புநீருக்குச் சரியாகத் தராசில் நிற்கும். மணல்பாங்கான கரையில் மழைநீர் உப்புநீரின் மேல் பருப்பு வடிவில் மிதக்கிறது. இதற்கு நன்னீர் வில்லை என்று பெயர். கடல் மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் இருந்தால் கீழே 40 அடி ஆழம் வரை நன்னீர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் டச்சு ராணுவப் பொறியாளர் பேடன் கைபனும், பிறகு தனியாக ஜெர்மானியர் ஹெர்ஸ்பெர்க்கும் கண்ட விதி இது. இதைத் திருப்பிப் படித்தால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு மேல்மட்டத்தை ஓரடி இறக்கினால், உப்பு காலப்போக்கில் 40 அடி மேலே ஏறி வரும்.

அந்த ஓரடியைக் காப்பது யார்? கல்லணையிலிருந்து வெண்ணாறு, அதிலிருந்து பிரியும் வெட்டாறு, அது கடலில் விழும் இடம் நாகூர். காவிரி நீருக்கு இதுதான் கடைமடை. மேலத்தஞ்சையில் பாய்ந்தது போக மிஞ்சிய நீரும் ஐப்பசி மழையும் சம்பா வயலில் வாரக்கணக்கில் தேங்கி, மெல்ல இறங்கி, உப்பை அழுத்திப் பிடிக்கின்றன. உங்கள் மனையில் போடும் அடிபம்பில் நல்ல தண்ணீர் வந்தால் அதில் பக்கத்து வயல்காரரின் நடவும் இருக்கிறது. அந்த வயலும் மனையாகி, நூறு வீட்டில் நூறு மோட்டார் ஓடினால் எல்லோர் கிணறும் சேர்ந்து கரிக்கும். ஆக, இங்கே ஒரு மனையின் இருபதாண்டு மதிப்பு, பக்கத்து நஞ்சை நஞ்சையாகவே இருப்பதில்தான் தொங்குகிறது. ஊர்நத்தத்தில் கைமாறும் பழைய வீட்டையோ நகருக்குள் கிடக்கும் மனையையோ வாங்குவதே சரி, வயலைத் தூர்த்துப் போட்ட புது மனைப்பிரிவை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பணம் கொடுக்குமுன் இரண்டு தடவை போய்வாருங்கள். கார்த்திகை அடைமழையில் ஒருமுறை போய், தண்ணீர் எந்தப் பக்கம் வடிகிறது, எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். சித்திரை வெயிலில் இன்னொரு முறை போய், பக்கத்து வீட்டுக் கிணற்றில் ஒரு குவளை தண்ணீர் கேட்டு வாங்கிக் குடியுங்கள்.