ஏறின கியரில் இறங்கணும்

வி.கே.புரத்துக்காரர்களுக்கு ஆடி அமாவாசை என்றால் லாரிதான் நினைவுக்கு வரும். இப்போது காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போகிறவர்கள் அகஸ்தியர்பட்டியில் வண்டியை விட்டுவிட்டு அரசு பஸ்ஸில் ஏறுகிறார்கள். புலிகள் காப்பகம், கட்டுப்பாடு. முன்பு அப்படி இல்லை. பாய், அண்டா, விறகு, அரிசி மூட்டை, வெட்டப்போகும் கிடா, அந்தக் கிடாவைக் கட்டிக்கொண்டு அழும் பிள்ளை, வெற்றிலை உரலோடு பாட்டி என்று ஒரு குடும்பமே லாரியில் ஏறிவிடும். ஆற்றங்கரையில் குடில் போட்டு நாலு நாள், வசதி இருந்தால் பத்து நாள் தங்குவார்கள். வீட்டை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊர் சுற்றுவதை அமெரிக்காக்காரர்கள் தங்கள் கண்டுபிடிப்பாகப் பேசும்போது எனக்குச் சிரிப்புதான் வரும். (சரக்கு லாரியில் ஆள் ஏற்றுவது இன்றைக்கும் தப்பு, அன்றைக்கும் தப்பு.)

அப்படி ஒருமுறை திரும்பி வரும்போது கேபினில், இன்ஜின் மூடிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. கீழே சாக்கு மடித்துப் போட்டும் சூடு தொடையில் ஏறியது. மலை இறங்குகிறோம், ஆனால் வண்டி ஏறும்போது உறுமியதைவிட அதிகமாக உறுமுகிறது. "இறக்கந்தானே அண்ணாச்சி, நியூட்ரல்ல விட்டா டீசல் மிச்சம்லா?" என்று கேட்டேன். டிரைவர் அண்ணாச்சி ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏறுன கியர்லதான் எறங்கணும்டே. நியூட்ரல்ல விட்டா டீசல் மிஞ்சும், நாம மிஞ்ச மாட்டோம்."

பாபநாசம் சோதனைச் சாவடியில் இறங்கியதும் அவர் ஒரு காரியம் செய்தார். ஒவ்வொரு சக்கரத்தின் நடுக்குடத்துக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ச் சூடு பார்த்தார். பின்னால் இடது பக்கச் சக்கரத்தில் நின்று கிளீனரைக் கூப்பிட்டார். "இது மட்டும் சுடல பாத்தியா? நாளைக்கே பிரேக்கப் பிரிச்சுப் பாக்கணும்." சுடுகிற சக்கரத்தில்தான் கோளாறு இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். மலையிறங்கி வந்த வண்டியில் சூடாகாத சக்கரம் வேலை செய்யாத சக்கரம். அதன் பங்கையும் சேர்த்து மற்ற சக்கரங்கள் சுமந்திருக்கின்றன. அளவுக்கு மீறிச் சுடும் சக்கரம் வேறு நோயாளி. அங்கே பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும், அல்லது பேரிங் போயிருக்கும்.

அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் பதில் அந்தச் சாவடிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. பாபநாசம் பவர் ஹவுஸ் 1944 முதல் மின்சாரம் தருகிறது. மலையிலிருந்து விழும் தாமிரபரணித் தண்ணீரின் ஆற்றலைச் சுழலி பிடித்துக்கொள்கிறது. மலையிறங்கும் லாரியும் விழும் தண்ணீர் மாதிரிதான், மெதுவாக விழுகிறது, அவ்வளவே. நம் ஊரில் 'டாரஸ்' என்று பொதுப்பெயராகிவிட்ட பத்துச் சக்கர லாரியை எடுத்துக்கொள்ளுங்கள் (அது அசோக் லேலண்டின் ஒரு மாடலுடைய பெயர்). 2018-இல் மத்திய அரசு உயர்த்திய கணக்குப்படி, சரக்கோடு சேர்த்து அது 28.5 டன் வரை இருக்கலாம். உயரத்தில் 100 மீட்டர் அது இறங்கினால் வெளிப்படும் ஆற்றல் ஏறக்குறைய 8 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். கிட்டத்தட்ட 95 லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிடலாம்; ஒரு கல்யாண வீட்டு அண்டா. பவர் ஹவுஸில் சுழலி இருக்கிறது. லாரியில் என்ன இருக்கிறது? பிரேக் டிரம் இருக்கிறது. அண்டா கொதிக்கிற சூடு முழுவதையும் அந்த இரும்புச் சட்டிகள் வாங்கிக் காற்றில் கொட்டியாக வேண்டும்.

கொட்ட முடியாதபோதுதான் விபத்து. டிரம் சூடேறினால் விரியும். உள்ளிருந்து வெளிப்பக்கமாக விரிந்து டிரம்மை அழுத்தும் பிரேக் கட்டை, விலகிப்போகும் சுவரைத் துரத்த வேண்டியிருக்கும். கட்டையின் மேலுள்ள லைனரின் பிடிப்பும் சூட்டில் குறையும். பெடல் மிதிபடும், வண்டி கேட்காது. கருகிய நாற்றம் வரும். அந்த நாற்றம் மூக்குக்கு எட்டும்போது பாதி பிரேக் போயிருக்கும். மிதித்தது மிதித்தபடி இறங்குகிறவர்களுக்கு இப்படி நேர்கிறது.

சின்ன கியரில் இறங்கினால் சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்ற வேண்டிவரும், அதுவே வண்டியைப் பிடித்து இழுக்கும். ஆனால் டீசல் இன்ஜினுக்கு இந்தப் பிடிப்பு இயல்பாகவே கொஞ்சம் குறைவு. அதனால்தான் எக்ஸாஸ்ட் பிரேக் வைத்தார்கள். புகைக்குழாயை ஒரு தகட்டு வால்வு அடைக்கும், காற்று வெளியேற வழியில்லாமல் இன்ஜின் திணறும், வண்டி அடங்கும். இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு ஒன்று உண்டு. அதற்கு ஒரு கதையும் உண்டு. 1931-இல் அமெரிக்காவில் கிளெஸ்ஸி கம்மின்ஸ், ஆமாம், அந்தக் கம்மின்ஸ் இன்ஜின்காரர்தான், தன் டீசல் லாரியை நாடு முழுக்க ஓட்டிக் காட்டப் புறப்பட்டார். கலிபோர்னியாவின் கஹோன் கணவாய் இறக்கத்தில் பிரேக் கைவிட்டது. அடிவாரத்தில் ரயில்வே கேட், அங்கே ஒரு சரக்கு ரயில் போய்க்கொண்டிருக்கிறது. மயிரிழையில் தப்பினார். அந்த பயம் அவரை விடவில்லை. இன்ஜின் காற்றை அழுத்தி முடித்த கணத்தில் வால்வைத் திறந்து அந்த அழுத்தத்தை வெளியே விட்டுவிட்டால், அழுத்தச் செலவான ஆற்றல் திரும்பி வராது, இன்ஜினே பிரேக்காகிவிடும் என்று பிற்காலத்தில் யோசித்து வடிவமைத்தார். 1961-இல் ஜேக்கப்ஸ் கம்பெனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகத்து லாரிக்காரர்கள் 'ஜேக் பிரேக்' என்று சொல்வது அதைத்தான். பேட்டரி லாரிகள் ஒரு படி மேலே போய்விட்டன. இறங்கும்போது மோட்டாரே டைனமோவாகி மின்சாரம் சேமிக்கிறது. பவர் ஹவுஸ் வண்டிக்குள்ளேயே வந்துவிட்டது என்று சொல்லலாம்.

இப்போது இழுவைக்கு வருவோம். கேரவன் என்றால் நமக்கு நடிகர்கள் மேக்கப் போடும் வண்டி. அம்பாசமுத்திரம் பக்கம் ஷூட்டிங் நடந்தால் வயலோரத்தில் நிற்கும். அதில் பெரும்பாலானவை வேன், பஸ் சட்டத்தின் மேல் கட்டியவை, தானே ஓடுபவை. கேரளா 2021-இல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே கொள்கை அறிவித்தது. அங்கேயும் தானே ஓடுகிற வண்டிக்குத்தான் மவுசு. அமெரிக்காவில் வழக்கம் வேறு. படுக்கையறை, சமையலறை, குளியலறையோடு ஒரு வீடு தனி ட்ரெய்லராக இருக்கும்; அதை ஃபோர்டு எஃப்-350, ராம் 3500 போன்ற கனரகப் பிக்கப்புகள் இழுக்கும். பின்னச்சில் பக்கத்துக்கு இரண்டு டயர் வைத்த இந்த வண்டிகளில் சில 13 டன்னுக்கு மேலும் இழுக்கவல்லவை.

மாட்டும் முறை இரண்டு. ஒன்று, வண்டியின் வாலில் இரும்பு உருண்டை, அதன்மேல் ட்ரெய்லரின் கிண்ணம் கவிழும். மற்றது நம் தூத்துக்குடி சாலையில் தினமும் போகும் கண்டெய்னர் லாரியில் இருப்பதேதான்: பின்னச்சுக்கு மேலே கிரீஸ் பூசிய ஒரு இரும்புத் தட்டு, அதன் பிளவுக்குள் ட்ரெய்லரின் கிங் பின் வந்து பூட்டிக்கொள்ளும். கிங் பின்னின் குறுக்களவு இரண்டு அங்குலம், கனத்த வேலைக்கு மூன்றரை அங்குலம். ஐம்பது டன் அந்தக் கைப்பிடி அளவு இரும்பில்தான் தொங்குகிறது. தட்டின் பெயர் 'ஐந்தாம் சக்கரம்'. குதிரைக் கோச்சின் முன்னச்சு திரும்புவதற்குப் படுக்கை வாட்டில் ஒரு வளையம் வைத்திருந்தார்கள், அதன் பெயர் இதற்கு ஒட்டிக்கொண்டது.

இதில் எல்லாரும் தவறும் இடம் பாரம் வைப்பது. மாட்டுவண்டி ஓட்டிய கிழவர் யாரையாவது கேளுங்கள், முன்பாரம் பின்பாரம் என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுவார். முன்பாரம் மிஞ்சினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிஞ்சினால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் தொண்டையை இறுக்கும். ட்ரெய்லர் வீட்டிலும் அதே கதை. உருண்டைக் கொக்கியானால் ட்ரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்கார வேண்டும், கிங் பின் வகையானால் 15 முதல் 25 வரை. கொக்கியில் பாரம் குறைந்து பின்பாரமானால் வேகம் கூடக் கூட ட்ரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கும். அப்போது பதறி முன்வண்டியின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது ஆகப் பெரிய தப்பு. முன்வண்டி நிற்கும், பின்வண்டி வந்து தள்ளும், இரண்டும் பேனாக்கத்தி போல மடங்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ட்ரெய்லர் பிரேக்கை மட்டும் தனியாகக் கொடுக்கும் வசதி இருந்தால் அதைக் கொடுக்க வேண்டும். பின்வண்டி பின்னுக்கு இழுத்தால் இரண்டும் நேராகும்.

இழுவையின் உச்சத்தைப் பார்க்க அமெரிக்கா போக வேண்டாம். ஆலங்குளம், சுரண்டை பக்கத்துக் காற்றாலைகளுக்கு இறக்கை கொண்டுபோகும் வண்டி இரவில் ரோட்டில் ஊர்வதைப் பார்த்தால் போதும். இன்றைய இறக்கைகளில் 60 மீட்டரைத் தாண்டியவை உண்டு. இழுக்கும் வண்டியை 'புல்லர்' என்பார்கள். திருப்பத்தில் பின் சக்கரங்களும் தனியே திரும்பும். கையில் ரிமோட்டோடு ஒருவர் பின்னால் நடந்துகொண்டே திருப்புவார், மின்கம்பியைக் கம்பால் தூக்கிவிட இன்னொருவர். மின்மாற்றி மாதிரி மிகக் கனத்த சரக்கானால் முன்னே ஒரு புல்லர், பின்னே ஒரு புல்லர். ஏற்றத்தில் பின்னது தள்ளும், இறக்கத்தில் பின்னது இழுத்துப் பிடிக்கும்.

பராமரிப்பு என்று தனியாகப் பாடம் நடத்த மனமில்லை, ஆனால் அண்ணாச்சியின் காலைநேர வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். முதலில் ஏர் டேங்கின் அடித் திருகைத் திறப்பார், புஸ்ஸென்று காற்றோடு தண்ணீர் சிந்தும். அமுக்கிய காற்றில் ஈரம் தங்கும், அது வால்வுகளைத் துருப்பிடிக்க வைக்கும். லாரியில் பிரேக் பிடிப்பது காற்று. 1869-இல் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் ரயிலுக்காகக் காப்புரிமை வாங்கிய யோசனையின் பேரப்பிள்ளை இது. நிறுத்திவைக்கும் பிரேக்கில் மட்டும் தலைகீழ்: அங்கே பிடிப்பது ஸ்பிரிங், காற்று அதை விடுவிக்கிறது. காற்று முழுக்க இறங்கினால் வண்டி ஓடாது, தானே நின்றுவிடும். பிறகு ஜாக்கி லிவரால் ஒவ்வொரு டயரையும் தட்டுவார். காற்று நிறைந்தது 'டங்'கென்று திருப்பி அடிக்கும், இறங்கியது 'தொப்'பென்று கம்பியை விழுங்கும். இரட்டை டயரில் உள் டயர் இறங்கியிருப்பது கண்ணுக்குத் தெரியாது, காதுக்குத் தெரியும். பட்டைக் கட்டின் யு-போல்ட், டயர் நடுவே சிக்கிய கல், கடைசியாகக் கிரீஸ். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம். இன்றைக்கு 2020-க்குப் பிறகு வந்த பி.எஸ்.6 லாரிகளில் இதோடு யூரியாக் கரைசலையும் பார்க்க வேண்டும். அது தீர்ந்தால் இன்ஜின் சண்டித்தனம் பண்ணும்.

ட்ரெய்லர் வீடு, கேரவன் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று கூடுதலாக. வருஷத்தில் முக்கால்வாசி நாள் வெயிலில் நிற்கும் வண்டியின் டயர் தேய்ந்து சாகாது, கிழடாகிச் சாகும். தரையில் பதியும் பட்டன் புதிதாக இருக்கும், பக்கச் சுவரில் வெடிப்பு ஓடியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கிறதா பாருங்கள். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது.

ஆழ்வார்குறிச்சி, கடையம், தென்காசி வழியாகக் கேரளாவுக்குப் போகிறவர்கள் புளியரை எஸ் வளைவை மறந்திருக்க மாட்டார்கள். மணலும் ஜல்லியும் ஏற்றிய டாரஸ் வரிசை அங்கே எப்போதும் உண்டு. நூறு மீட்டருக்கு ஆறு மீட்டர் உயரும் ஏற்றம் என்று வைத்துக்கொண்டால், 28.5 டன் வண்டி மணிக்கு 20 கிலோமீட்டரில் ஏற ஏற்றத்துக்கு மட்டுமே சுமார் 125 குதிரைத்திறன் வேண்டும். 40-இல் ஏற 250. அதனால் ஊர்கிறது. திரும்பும்போது அதே இடத்தில் அதே கியரில் ஊர்ந்து இறங்குகிறது. பின்னால் காரில் இருக்கிறவர்கள், இறக்கத்தில்கூட இவனுக்கு வேகமாகப் போகத் தெரியவில்லையே என்று ஹார்னை அமுக்குகிறார்கள். அமுக்காதீர்கள். அவர் சரியான கியரில் வருகிறார். இரண்டு வளைவு தாண்டி நேர்ரோடு வரும், அங்கே முந்திக்கொள்ளுங்கள்.