பாயை முதலில் பாருங்கள்

கம்பளி சூடு தருகிறது என்கிறோம். உண்மையில் சூடு தருவது நம் உடலே; கம்பளி தன் இழைகளுக்கிடையே காற்றைச் சிறைப்படுத்தி, அந்தச் சூட்டை வெளியேறாமல் காக்கிறது. இயற்பியல் வகுப்பில் படிக்கும் இவ்வுண்மை, மலையேற்றம் செல்வோருக்கு உயிர்காக்கும் பாடமாகும். உடல் வெப்பம் 35 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினால் உயிருக்கே ஆபத்தன்றோ!

உத்தரகாண்டிலுள்ள கேதார்காந்தா மலை ஏறத்தாழ 12,500 அடி உயரமுடையது. குளிர்காலத்தில் அங்கே பனிமீது கூடாரமடித்துப் படுக்க வேண்டும். அங்குச் செல்ல விரும்பும் நண்பர்கள் ஸ்லீப்பிங் பேக் எனும் உறக்கப்பையைப் பற்றியே என்னிடம் கேட்கிறார்கள். பாயைப் பற்றிக் கேட்பதில்லை. நாம் படுத்ததும் பையின் அடிப்புறத்து இறகோ பஞ்சோ நசுங்கி, உள்ளிருக்கும் காற்று வெளியேறுகிறது. பிறகு தரை நம் சூட்டை உறிஞ்சிவிடும். ஆகவே பாயைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன். பாயின் வெப்பத்தடையை ‘ஆர்’ மதிப்பு என்பர். பனித்தரைக்கு அது 5 அளவில் இருத்தல் நலம். இரண்டு பாய்களை அடுக்கினால் இரு மதிப்புகளும் கூடும்.

அடுத்து உறக்கப்பை. தரமான பைகளில் ‘கம்ஃபர்ட்’, ‘லிமிட்’ என இரு வெப்பநிலைகள் குறிக்கப்பட்டிருக்கும். முன்னதையே கணக்கில் கொள்ளுங்கள். வாத்திறகுப் பை எடை குறைந்தது, நனைந்தால் பயன்படாது. செயற்கை இழைப் பை கனமானது. ஈரத்திலும் ஓரளவு காக்கும். வியர்த்த உடையை மாற்றி, வயிறார உண்டு படுங்கள். மூக்கையும் வாயையும் பைக்குள் புதைக்காதீர்கள். மூச்சின் ஈரம் பையை நனைத்துவிடும்.

கையில் பணம் குறைவென்றால் பையை வாடகைக்கு எடுக்கலாம். நல்ல பாயைச் சொந்தமாக்கிக் கொள்ளுங்கள். போர்த்துவதற்கு முன் விரிப்பதை எண்ணுவதே அறிவுடைமை.