கடலுக்குப் போகுமுன் கரையில் விட்டுப் போக வேண்டியவை

2017 நவம்பர் 29 அன்று குமரிக்கடல் அருகே இருந்தது ஒரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்தான். மறுநாள் காலையில் அது ஒக்கி புயலாகிவிட்டது. கரையோரம் வலை போடச் சென்ற வள்ளங்களும், நாள்கணக்கில் ஆழ்கடலில் தங்கியிருந்த விசைப்படகுகளும் ஒருசேர மாட்டிக்கொண்டன. கன்னியாகுமரி, திருவனந்தபுரம் மாவட்டங்களின் கடற்கரை ஊர்கள் அதற்குப் பின் பல வாரங்கள் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தன: கடலில் இருந்தவர்கள் எத்தனை பேர், யார் யார்? அரசு ஓர் எண்ணிக்கை சொன்னது. பங்குத்தந்தையர் வேறொன்று சொன்னார்கள். எந்தப் படகில் எத்தனை பேர், எந்தத் திசையில் போனார்கள் என்ற கணக்கு கரையில் முழுமையாக யாரிடமும் இல்லை. உடல் கிடைக்காத குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு இல்லாதது இரண்டாவது இடியாக விழுந்தது.

ஒக்கி பெரும் புயல், அடிக்கடி வருவதில்லை. ஃபைபர் படகில் மூன்று நான்கு பேராகத் தொழிலுக்குப் போகிறவர்களைக் கொல்வது பெரும்பாலும் அன்றாடக் காரணங்கள்: காலில் சுற்றிய கயிறு, முகத்துவாரத்து அலை, இருட்டில் வந்த கப்பல், நின்றுபோன இன்ஜின். இவற்றில் பலவற்றுக்குத் தடுப்பு இருக்கிறது. தடுப்பு பலிக்காத நாளில் குடும்பத்துக்கு உரிமையும் இருக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கான ஆதாரம், படகு கிளம்பும் முன்பே கரையில் இருந்தாக வேண்டும்.

முதலில் லைஃப் ஜாக்கெட். பல படகுகளில் அது அணியத்துப் பெட்டிக்குள், பாலிதீன் உறை பிரிக்காமல் கிடக்கிறது. கேட்டால் மீனவர்கள் சொல்லும் காரணங்கள் பொய்யில்லை. வெயிலில் வேகிறது, வலை இழுக்கும்போது கொக்கியில் கண்ணி மாட்டுகிறது, குனிந்தால் முகத்தில் இடிக்கிறது. அதிகாரிகள் மேடையில் நின்று "கட்டாயம் அணியுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போவதால் இது தீராது. தொழில் செய்யும்போது அணியவென்றே மெல்லிய அங்கிகளும், இடுப்பில் கட்டிக்கொண்டு தேவைப்படும்போது காற்றடைக்கும் வகையும் வந்திருக்கின்றன. மானியத்தில் எதை வாங்கித் தருவது என்று முடிவு செய்யும் இடத்தில் மீனவர் சங்கங்கள் பேச வேண்டியது இதைப் பற்றித்தான்.

வாங்கும்போது மிதப்புத் திறனைப் பாருங்கள். அதை நியூட்டன் கணக்கில் அச்சிட்டிருப்பார்கள். 50 நியூட்டன் என்றால் ஏறக்குறைய 5 கிலோ பாரத்தைத் தாங்கும் மிதப்பு. நினைவோடு நீந்தக்கூடியவருக்கு அது துணை. தலையில் அடிபட்டு மயங்கியவரை மல்லாக்கத் திருப்பி மூக்கை நீருக்கு மேல் வைக்க 150 நியூட்டன் வகை வேண்டும். பழைய ஜாக்கெட்டை நம்பலாமா என்பதற்கு எளிய சோதனை உண்டு: 50 நியூட்டன் அங்கியில் 5 கிலோ இரும்புப் படிக்கல்லைக் கட்டித் தண்ணீரில் போட வேண்டும். மூழ்கினால் அது ஜாக்கெட் இல்லை. மெத்தையாகப் போட்டு உட்கார்ந்தும் மண்ணெண்ணெய் பட்டும் உள்ளிருக்கும் நுரை அமுங்கிக் கெட்டுப்போகிறது.

"கடலில் பிறந்தவனுக்கு நீச்சலா தெரியாது?" என்பார்கள். தெரியும். விழும்போது படகு விளிம்பில் தலை மோதினால் அந்த நீச்சல் உதவாது. இன்னொன்று, ஆள் விழுந்தாலும் இன்ஜின் நிற்காது. வெளிப்பொருத்து இன்ஜின்களோடு சிவப்புச் சுருள் கயிறு ஒன்று வரும். ஒரு நுனி இன்ஜினில், மறுநுனி ஓட்டுபவரின் மணிக்கட்டிலோ இடுப்பிலோ இருக்க வேண்டும். அவர் விழுந்தால் கயிறு பிடுங்கிக்கொண்டு இன்ஜின் அணையும். நம் கரைகளில் அந்தக் கயிற்றை இன்ஜினிலேயே நிரந்தரமாகக் கட்டிவைக்கும் பழக்கம் இருக்கிறது. தனியாகப் போனவர் விழுந்தால் ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பிவரும், விசிறியோடு. நீண்ட வால் இன்ஜின்கள் பலவற்றில் இந்த வசதியே கிடையாது. அத்தகைய படகில் தனியாகப் போகிறவர் ஜாக்கெட் இல்லாமல் போகவே கூடாது.

வலை இறங்கும் நேரம்தான் படகில் மிக ஆபத்தான நேரம். படகு முன்னே ஓட, தங்கூசி வலையும் ஈயமணிகளும் நங்கூரக் கயிறும் சரசரவென்று இறங்கும்போது, கீழே கிடக்கும் கயிற்று வளையத்துக்குள் ஒரு கால் இருந்தால் போதும். ஆளை இழுத்துக்கொண்டு வலை உள்ளே போய்விடும். கயிறு கிடக்கும் பக்கம் நிற்காமல் இருப்பதும், கை எட்டும் இடத்தில் உறையோடு ஒரு கூர்மையான கத்தி இருப்பதும்தான் காப்பு. கத்தி பெட்டிக்குள் இருந்தால் இல்லாததற்குச் சமம். வலையை அறுக்கத் தயங்கக் கூடாது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். கடன் வாங்கிப் போட்ட வலை என்றால் அந்த நொடியில் கை தயங்கும். கிளம்பும் முன்பே இதைப் பேசி முடிவு செய்துகொண்ட படகில் தயக்கம் குறையும்.

ஆயிரங்கால் தூண்டில் போடுகிறவர்களுக்கு அபாயம் வேறு வகை. சாளையோ கணவாயோ இரை குத்திய முட்களைக் கூடையின் விளிம்பில் வரிசையாக மாட்டி, ஒவ்வொன்றாக ஓடவிட வேண்டும். வரிசை குலைந்தால் முள் கையில் ஏறும். சதைக்குள் போன முள்ளை வந்த வழியே இழுத்தால் எதிர்ச்செதில் சதையைக் கிழிக்கும். முள்ளோடு கட்டிய தூண்டில் நரம்பை வெட்டிவிட்டு, முள் அசையாமல் துணியால் கட்டி, மருத்துவமனைக்கு வருவதே நல்லது. கண்ணுக்கு அருகில் என்றால் தொடவே கூடாது. கெளுத்தி, திருக்கை முள் குத்தினால் கை பொறுக்கும் சூட்டில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், வெந்நீரில் அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் அமிழ்த்தி வைக்க, வலி பெரும்பாலும் தணியும். குத்துப்பட்ட இடம் மரத்துப்போய்ச் சூடு தெரியாது. எனவே சூட்டை மற்ற கையால் பார்க்க வேண்டும். ஒரு ஃபிளாஸ்க் வெந்நீர் படகில் இருப்பது தேநீருக்கு மட்டுமல்ல. திருக்கை முள் நெஞ்சிலோ வயிற்றிலோ ஏறியிருந்தால் பிடுங்காமல் அப்படியே கொண்டுவர வேண்டும். எந்தக் காயத்துக்கும் டெட்டனஸ் ஊசி உண்டா என்று கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரவில் வலை போட்டுவிட்டு அதைப் பிடித்தபடி மிதக்கும் ஃபைபர் படகு, கப்பலின் ராடார் திரையில் தெரியாமலே போகலாம். கண்ணாடி நாரிழை ராடார் அலையைச் சரியாகத் திருப்பி அனுப்புவதில்லை. குறுக்கும் நெடுக்குமாகத் தகடுகள் பொருத்திய ராடார் பிரதிபலிப்பான் ஒன்றைக் கம்பத்தின் உயரத்தில் கட்டினால் படகு தெரியும் வாய்ப்பு கூடும். விளக்குக்கும் சர்வதேச விதி இருக்கிறது: வலை போட்டிருக்கும் படகில் மேலே சிவப்பு, கீழே வெள்ளை, இரண்டும் எல்லாப் பக்கமும் தெரிய வேண்டும். இழுவைப்படகுக்கு மேலே பச்சை. டார்ச்சை ஆட்டி எச்சரிப்பது கடைசி முயற்சியாகத்தான் இருக்க முடியும். விபத்துக்குப் பின் யார் மீது தவறு என்று விசாரிக்கும்போது படகில் விளக்கு எரிந்ததா என்பது முதல் கேள்விகளில் ஒன்றாக வரும்.

வானிலையைப் பற்றி ஒன்று. துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் 1 முதல் 11 வரை. 1, 2 தொலைவில் உள்ள புயலைக் குறிப்பவை. 8, 9, 10 பேராபத்து. 11 ஏறினால் வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று பொருள். இவை துறைமுகங்களுக்கும் கப்பல்களுக்கும் ஏற்பட்ட அளவுகோல். "ஒண்ணாம் நம்பர்தானே" என்று ஃபைபர் படகை இறக்குவது கப்பலுக்கான சட்டையைக் குழந்தைக்குப் போடுவது. உங்களுக்கான எச்சரிக்கை வானிலை ஆய்வு மையம் மீனவர்களுக்கென்று தனியாக வெளியிடுவது. காற்று மணிக்கு 62 கிலோமீட்டர் வேகம் எட்டினால்தான் புயல் என்று பெயர் வைப்பார்கள். ஆனால் 45 கிலோமீட்டர் காற்றுக்கே கடலுக்குப் போக வேண்டாம் என்று சொல்கிறார்கள்.

காற்றே இல்லாமல் வரும் அபாயம் கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசிய காற்றில் பிறந்த பேரலை, இங்கே வானம் தெளிவாக இருக்கும்போதே கரையில் ஏறும். ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இதற்கு முன்னறிவிப்பு தருகிறது. அந்த நாளில் தேங்காய்ப்பட்டணம் போன்ற முகத்துவாரங்களுக்குள் படகை நுழைப்பது உயிரைப் பணயம் வைப்பது. நல்ல நாளிலேயே அங்கு மணல் மேட்டில் அலை உடைந்து படகுகள் கவிழ்ந்திருக்கின்றன. அப்படியான வாயில்களைத் தூர்வாரவும் தடுப்புச் சுவரைச் சரிசெய்யவும் கேட்பது சலுகை கேட்பதாகாது. விபத்து நடந்த தேதிகளோடு எழுத்தில் மாவட்ட ஆட்சியருக்கும் மீன்வளத் துறைக்கும் ஊர் மனு கொடுத்திருந்தால், பின்னால் உயர் நீதிமன்றம் வரை அது ஆவணமாக நிற்கும்.

கரையை விட்டுச் சில கடல்மைல் தாண்டினால் செல்பேசிக் கோபுரம் கைவிட்டுவிடும். அதற்கு அப்பால் வி.எச்.எஃப். கருவியின் 16-ஆம் அலைவரிசைதான் எல்லாக் கப்பல்களும் காது வைத்திருக்கும் இடம். அதுவும் எட்டாத தூரத்துக்கு இஸ்ரோ உருவாக்கிய ஆபத்து அறிவிப்புக் கருவி இருக்கிறது. பொத்தானை அழுத்தினால் படகின் இருப்பிடம் செயற்கைக்கோள் வழியே கடலோரக் காவல்படைக்குப் போகும். 2024 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த இதன் இரண்டாம் தலைமுறைக் கருவி, "உங்கள் செய்தி கிடைத்தது" என்று பதிலும் அனுப்பும். நடுக்கடலில் தத்தளிப்பவருக்கு அந்தப் பதில் எவ்வளவு பெரிது என்று விளக்க வேண்டியதில்லை. கரையில் இருப்பவர் அழைக்க வேண்டிய எண்கள்: கடலோரக் காவல்படை 1554, தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093.

யார் எப்போது அழைப்பது? இங்குதான் கரையில் விட்டுப் போகும் சீட்டு வருகிறது. படகின் பதிவு எண், அன்று ஏறியவர்களின் பெயர், போகும் திசை, திரும்பும் நேரம். கடற்கரையில் படகைத் தள்ளும்போது ஏறியவர்கள் எல்லோரும் தெரிய ஒரு படம் எடுத்து, இந்த நான்கு விவரங்களோடு மனைவிக்கோ சங்கச் செயலாளருக்கோ வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். தேதியும் நேரமும் தானே பதியும். சொன்ன நேரம் தாண்டியும் வரவில்லை என்றால் உடனே புகார் கொடுக்கலாம். 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. காவல் நிலைய எல்லையைக் காட்டிப் புகாரைத் தள்ளவும் முடியாது. குற்றம் நடந்ததாகப் புகார் என்றால், எந்த நிலையத்திலும் பதிய வேண்டும் என்பது 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பங்குக் கணக்கில் வேறு மாநிலத் தொழிலாளர்களை ஏற்றிப் போகும் படகுகளுக்கு இந்தச் சீட்டு இரட்டிப்பு அவசியம். அவர்களைத் தேடி வர ஊரில் ஆள் இருக்காது.

விபத்துக் காப்பீட்டுக்கு மீனவர் பணம் கட்ட வேண்டியதில்லை. பிரதமரின் மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் குழு விபத்துக் காப்பீட்டில் முழுத் தவணையையும் மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. விபத்தில் மரணம் அல்லது நிரந்தர முழு ஊனத்துக்கு 5 லட்சம் ரூபாய், நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு இரண்டரை லட்சம், மருத்துவமனைச் செலவுக்கு 25,000. ஆனால் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருப்பதாலேயே பெயர் சேர்ந்திருக்கும் என்று நினைத்துவிடாமல், மீன்வள உதவி இயக்குநர் அலுவலகத்தில் நேரில் பார்த்து உறுதி செய்யுங்கள். வாரிசுதாரர் பெயரையும் பாருங்கள். திருமணத்துக்கு முன் எழுதிய அம்மாவின் பெயர் அப்படியே இருந்து, அவரும் காலமாகிவிட்டிருந்தால் மனைவி அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டியிருக்கும்.

இன்னொரு இடறல், உடற்கூறாய்வு. துக்கத்தில் "அறுக்க வேண்டாம்" என்று அடக்கம் செய்துவிடுவதை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இது விபத்துக் காப்பீடு. நீரில் மூழ்கி இறந்தாரா, நெஞ்சுவலியில் விழுந்தாரா என்பதற்குச் சான்று அந்த அறிக்கைதான். அது இல்லாமல் கோரிக்கை நகராது. ஊர்ப் பெரியவர்கள் அந்த நேரத்தில் குடும்பத்திடம் மென்மையாக எடுத்துச் சொல்ல வேண்டும்.

உடலே கிடைக்காவிட்டால் சட்டம் கடினமானது. ஏழு ஆண்டுகள் தகவல் இல்லாதவர் உயிரோடிருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும் என்பது பழைய சாட்சியச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு. புதிய சட்டத்திலும் அது தொடர்கிறது. நடைமுறையில் அலுவலகங்கள் அதை "ஏழு வருடம் காத்திருங்கள்" என்று படிக்கின்றன. ஒக்கிக்குப் பின் அரசு அந்தக் காத்திருப்பைத் தளர்த்திக் காணாமல்போனவர்களின் குடும்பங்களுக்கு நிவாரணம் வழங்கியது. எனவே முன்னுதாரணம் இருக்கிறது. அதே படகில் தப்பி வந்தவரின் வாக்குமூலம், தேடுதல் நடந்த பதிவு, கிளம்பிய நாளின் படம் ஆகியவற்றைக் கொண்டு நீதிமன்றத்தை முன்கூட்டியே அணுகவும் வழியுண்டு. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி கிடைக்கும், எண் 15100.

காப்பீட்டு நிறுவனம் கோரிக்கையை மறுத்தால் மறுப்பை எழுத்தில் வாங்குங்கள். அதிலிருந்து ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையத்துக்கு இரண்டு ஆண்டு அவகாசம். வாங்கிய மாதத்தில் நின்றுபோன இன்ஜினுக்கும், மிதக்காத ஜாக்கெட்டுக்கும் அதே ஆணையம்தான். "நீங்கள் தொழிலுக்காக வாங்கியவர், நுகர்வோர் இல்லை" என்று விற்பனையாளர் வாதிடக்கூடும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவு, சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கிய பொருளை வணிக நோக்கமாகக் கருதுவதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்கு வழக்குக் கட்டணமும் கிடையாது. வேண்டியது பில். அதையும் அந்த வாட்ஸ்அப் எண்ணுக்கே அனுப்பி வைத்துவிடலாம். காகிதம் உப்புக்காற்றில் நிற்காது.