கார் ஓடலன்னாலும் பொறுப்பு ஓடிட்டேதான் இருக்கும்

உங்க வீட்டு வாசல் ரோட்டுல டயர்ல காத்து இறங்கி, மேல சருகு மூடி ஒரு பழைய கார் நிக்குதா? அது உங்க பேர்ல இருக்கா? அப்போ இந்தப் பதிவு உங்களுக்குத்தான்.

"வண்டியே ஓடல, இன்சூரன்ஸ் எதுக்கு சார்?" இது என்கிட்ட அடிக்கடி வர்ற கேள்வி. பொது இடத்தில் வண்டியைப் பயன்படுத்த தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். சும்மா நிக்கிறது பயன்பாடா? 1987-ல் மகாராஷ்டிராவில் ஒரு பெட்ரோல் டேங்கர் கவிழ்ந்து கிடந்து, சில மணி நேரம் கழிச்சு வெடிச்சு, பலர் இறந்தாங்க. பழுதாகியோ விபத்தாலோ அசையாமல் கிடக்கும் வண்டியும் பயன்பாட்டில் இருப்பதுதான் என்று 1991-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. முதல் தடவை மாட்டினா அபராதம் ரூ.2,000, சிறைத் தண்டனைக்கும் சட்டத்துல இடம் இருக்கு. ஆனா என் கவலை அபராதம் இல்ல. நிக்கிற காரில் தீப்பிடிச்சு ஒருத்தருக்குக் காயம்னா, இழப்பீடு உங்க சேமிப்பிலிருந்து போகலாம்.

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 127 இன்னொண்ணு சொல்லுது. பொது இடத்தில் 10 மணி நேரத்துக்கு மேல் கேட்பாரற்று நிக்கிற வண்டியை போலீஸ் இழுத்துட்டுப் போகச் சொல்லலாம். அந்தச் செலவும் உங்க தலையிலதான்.

சரி, காயலான் கடையில போட்டுடலாமா? இங்கதான் நிறைய பேர் ஏமாறுறாங்க. கையில காசு வாங்கினதோட வேலை முடிஞ்சதுன்னு நினைக்கிறாங்க. ஆர்சி உங்க பேர்லயே இருக்கும். அந்த வண்டியை யாராவது தட்டிக்கொட்டி ரோட்டுல விட்டு விபத்தானா? பதிவேட்டில் யார் பேர் இருக்கோ அவர்தான் உரிமையாளர்னு 2018-ல் உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு.

அதனால அரசு பதிவு பெற்ற ஸ்கிராப்பிங் மையத்துல கொடுங்க. டெபாசிட் சான்றிதழ் தருவாங்க. அதை வச்சு ஆர்டிஓ-வில் பதிவை ரத்து செய்யணும். விலை கொஞ்சம் கம்மியா கிடைச்சாலும் நான் இதைத்தான் சொல்வேன். புது வண்டி வாங்கும்போது அந்தச் சான்றிதழுக்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. சொந்த உபயோக வண்டிக்கு சாலை வரியில 25% வரை சலுகை தர மத்திய விதியில் இடமிருக்கு. எவ்வளவுன்னு முடிவு பண்றது மாநிலம்.

கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்சி-யைப் புரட்டிப் பாருங்க. கார் லோன் எப்பவோ முடிஞ்சிருக்கும், ஹைபாதிகேஷன் மட்டும் அப்படியே நிக்கும். பேங்க்ல என்ஓசி, படிவம் 35 வாங்கி முதல்ல அதை நீக்குங்க.

வருமான வரி? சொந்த உபயோகக் காருன்னா மூலதன ஆதாய வரி கிடையாது. தொழில் கணக்கில் தேய்மானம் எடுத்த காருன்னா, ஸ்கிராப் பணத்தை அந்த பிளாக் மதிப்புல கழிக்கணும். உங்க ஆடிட்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க.

கடைசியா, இன்சூரன்ஸ் கம்பெனியில் நோ கிளைம் போனஸ் கடிதம் கேளுங்க. 3 வருஷத்துக்குள்ள வாங்குற புது காருக்கு அந்தத் தள்ளுபடி, அதிகபட்சம் 50%, ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும். பாலிசி முடிஞ்சு 90 நாளுக்குள்ள புதுப்பிக்காம விட்டிருந்தா அது போயே போச்சு.