காவல் நின்றவர்களுக்குக் காவல்

"பைத்தியக்காரர்களோடு வேலை செய்கிறாயே, பயமில்லையா?" என்பதுதான் என்னிடம் எல்லோரும் கேட்கும் முதற் கேள்வி. கலியாண வீட்டில் மாமிமார் கேட்பார்கள். இக்கல்லூரியில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவர்களும் கேட்பார்கள். நான் உளநலப் புனர்வாழ்வு நிலையமொன்றில் பராமரிப்பு உதவியாளராகப் பணிபுரிகிறேன். வைத்தியருமல்ல, தாதியுமல்ல. இந்த வேலை என்னவென்று தெரியாததால்தான் பயம் வருகிறது என்பது என் எண்ணம். ஆகவே தங்கைமாருக்கு அதனைச் சற்று விளக்கமாக எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையும் அங்கிருப்போரை அடையாளம் காட்டும் விபரங்களையும் எழுதமாட்டேன். இரகசியம் காத்தல் எங்கள் வேலையின் முதலாவது விதி.

நம் நாட்டில் நெடுங்காலமாக மனநோய் என்றால் அங்கொடைதான். 1926 இல் திறக்கப்பட்ட அந்த வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகமாக வளர்ந்திருக்கிறது. ஆனாலும் அதன் ஊர்ப்பெயரை ஏச்சாகப் பயன்படுத்தும் வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை. கிழக்கிலிருந்து ஒருவரை அங்கு சேர்த்தால் அவரைப் பார்த்து வருவதற்கே நெடும் பயணம் தேவை. பார்க்கப் போவது குறையக் குறைய, அவர் சொந்த வீட்டுக்கே அந்நியராகிவிடுவார். 2005 இல் வந்த தேசிய உளநலக் கொள்கை, சிகிச்சை மாவட்டங்களுக்கு வரவேண்டும் என்று வகுத்தது. மாவட்ட வைத்தியசாலை விடுதி, நோயின் உச்சத்தைத் தணிக்கும் இடம். அங்கு சில வாரங்கள் போதும். புனர்வாழ்வு நிலையமோ மீண்டும் வாழப் பழகும் இடம். இங்கு மாதங்கள் ஆகும். உடுப்புத் துவைப்பது, சோறு சமைப்பது, காசு எண்ணிச் சாமான் வாங்குவது, நேரத்துக்குக் குளிசை போடுவது எல்லாம் இங்கே சிகிச்சையின் பகுதிகள்.

எங்களிடம் இருப்போரில் சிலர் யுத்த காலத்தில் ஆயுதம் ஏந்தியவர்கள். 1990களில் நமது ஊர்களின் எல்லையில் இரவிரவாகக் காவல் நின்ற ஊர்காவற் படையினரை உங்கள் வாப்பாமார் அறிவார்கள். 2006 இல் அப்படை சிவில் பாதுகாப்புத் திணைக்களமாக மாற்றியமைக்கப்பட்டது. எங்கள் நாவிதன்வெளியில் தமிழ்க் கிராமமும் முஸ்லிம் கிராமமும் அடுத்தடுத்து இருக்கின்றன. வயல்களுக்கு நடுவே ஒரு வரம்புதான் எல்லை. அன்று இரு சாராருக்குமே இரவு என்றால் பயம். அந்த இரவுகளில் விழித்திருந்தவர்களில் சிலருக்கு 2009 மே மாதத்தோடு யுத்தம் முடியவில்லை. இராணுவத்தினருக்கு றாகமையில் ரணவிரு செவன, அத்திடியவில் மிஹிந்து செத் மெதுர போன்ற தங்கியிருக்கும் நிலையங்கள் உண்டு. துவக்கைக் கையளித்துவிட்டு மண்வெட்டியைத் தூக்கிய ஊர்காவலாளியோ பெரும்பாலும் எங்களைப் போன்ற பொது நிலையத்துக்கே வருகிறார். இயக்கத்தில் இருந்தவரும் வருகிறார். ஒரே மேசையில் இருவரும் சோறு சாப்பிடுகிறார்கள். யார் எந்தப் பக்கம் என்று நாங்கள் கேட்பதில்லை.

யுத்தம் மனத்தைக் காயப்படுத்தும் என்பதை வைத்திய உலகம் மெதுவாகத்தான் ஏற்றுக்கொண்டது. முதலாம் உலகப் போரில் பேச்சிழந்தும் நடுங்கியும் வந்த படையினரின் நிலையை, 1915 இல் சார்ள்ஸ் மையர்ஸ் என்ற ஆங்கிலேய உளவியலாளர் குண்டதிர்ச்சி என்ற பெயரில் வைத்திய சஞ்சிகையில் எழுதினார். கோழைகள் என்று அவர்களைப் பலர் ஏசிய காலம் அது. அக்காலத்தில் ஸ்கொட்லாந்தின் கிறெய்க்லொக்காட் வைத்தியசாலையில் அதிகாரிகளின் பேச்சைப் பொறுமையாகக் கேட்டே சிகிச்சை செய்தவர் வைத்தியர் றிவர்ஸ். அதற்கு முன் நீலகிரியில் தோடர் மக்களிடையே தங்கி ஆய்வு செய்து நூல் எழுதியவரும் அவரே. 1980 இல்தான் அமெரிக்க உளமருத்துவச் சங்கம் தன் நோய்ப் பட்டியலில் இதற்கு ஓரிடம் கொடுத்தது. நெருக்கீட்டுக்குப் பின்னரான மனவடு நோய் என்று தமிழில் சொல்கிறோம். பழைய சம்பவம் இப்போது நடப்பதுபோல் திரும்பத் திரும்ப வருதல், கெட்ட கனவு, சிறு சத்தத்துக்கும் துள்ளி எழுதல், நினைவூட்டும் இடங்களைத் தவிர்த்தல், எவரோடும் ஒட்டாமல் இருத்தல் என்பன இதன் அடையாளங்கள். ஆயுதம் ஏந்திய எல்லோருக்கும் இது வருவதில்லை. ஏந்தாத தாய்மாருக்கும் பிள்ளைகளுக்கும் வரலாம்.

இனி எங்கள் வேலைக்கு வருகிறேன். வைத்தியர் ஒருவரோடு பேசும் நேரம் அரை மணித்தியாலம் இருக்கலாம். மற்ற நேரமெல்லாம் அவர் எங்களோடு இருக்கிறார். ஆகவே பார்ப்பதும் பார்த்ததை எழுதுவதும்தான் எங்கள் முதற் கடமை. "இன்று குழப்பமாக இருந்தார்" என்று எழுதினால் அதனால் எவருக்கும் பயனில்லை. "பகல் சோறு சாப்பிடவில்லை. கதவுக்கு முதுகு காட்டி இருக்க மறுத்தார். இரவு மூன்று முறை எழுந்து கேற் பூட்டை இழுத்துப் பார்த்தார்" என்று எழுதினால் வைத்தியர் மருந்தை மாற்றலாமா என்று யோசிக்க முடியும். கண்டதை எழுதவேண்டும், நினைத்ததை எழுதக்கூடாது என்பது எங்களுக்குச் சொல்லித்தரப்பட்ட பாடம்.

குளிசை கொடுப்பது தாதியின் பொறுப்பு. அது உள்ளே போனதா, உடம்பில் என்ன செய்கிறது என்று கவனிப்பதில் எங்களுக்கும் பங்குண்டு. குளோசப்பின் எடுப்பவருக்குக் காய்ச்சலோ தொண்டை நோவோ வந்தால் உடனே சொல்லவேண்டும். அம்மருந்து சிலருக்கு இரத்தத்தின் வெண்கலங்களைக் குறைத்துவிடும். அதே மருந்தினால் வரும் மலச்சிக்கல் முற்றினால் உயிருக்கே ஆபத்து. எனவே மலசலகூடம் போனாரா என்று கேட்பதில் வெட்கமில்லை. லிதியம் எடுப்பவரின் உடம்பில் தண்ணீர் குறைந்தால் மருந்து இரத்தத்தில் கூடிவிடும். கை நடுக்கம், வாந்தி, வயிற்றோட்டம், தள்ளாட்டம் தோன்றினால் அது நஞ்சாகும் அறிகுறி. நோன்பு காலத்தில் இது மிக முக்கியம். நோன்பு பிடிக்க விரும்புபவர் முன்கூட்டியே வைத்தியரிடம் பேசவேண்டும். தானாக நேரத்தை மாற்றுவதும் குளிசையை நிறுத்துவதும் கூடாது.

இரவில் ஆண்கள் பகுதியில் ஆண் உதவியாளர்களே கடமையில் இருப்பார்கள். சுபஹுக்கு எழுப்பச் சொல்லிவிட்டு உறங்கும் ஒருவரை அவர்கள் தொட்டு எழுப்புவதில்லை. கட்டிலின் கால்மாட்டில், கை எட்டாத தூரத்தில் நின்று, பெயர் சொல்லி மெதுவாகக் கூப்பிடுவார்கள். காவலரணில் உறங்கிப் பழகியவர் தோளில் கை பட்டால் முதலில் அடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறப்பார். பகலில் நாங்களும் பின்னால் வந்து பேசுவதில்லை. பெருநாளில் பட்டாசு வெடிக்கும் என்றால் முதல்நாளே சொல்லிவைப்போம். இப்படிப் பழகிக்கொண்டால் பயத்துக்கு இடம் குறைவு.

ஊர்காவல் படையில் இருந்த ஒருவர் இரவில் படுக்கவே மாட்டார். வளவைச் சுற்றிக்கொண்டே இருப்பார். "படுங்கள்" என்று சொன்னால் கோபம் வரும். பெரிய தாதி ஒரு வழி சொன்னார். உதவியாளர் ஒருவர் அவரோடு சேர்ந்து ஒரு சுற்று நடந்து, பூட்டை அவர் கையாலேயே பார்க்கவைத்து, "காக்கா, இனி என்னுடைய காவல்" என்று பொறுப்பை வாங்கிக்கொள்ள வேண்டும். முதலில் நாலு சுற்று வேண்டியிருந்தது. மருந்தோடும் உளவளத்துணையோடும் சில மாதங்களில் அது ஒன்றாகக் குறைந்தது. வீடு போகுமுன் அவரது மனைவியையும் மூத்த மகனையும் அழைத்து இதே முறையைப் பழக்கினோம்.

வீட்டாருக்கு நாங்கள் சொல்லும் இன்னொரு விடயம் கிருமிநாசினி பற்றியது. 1995 இல் இலங்கையில் ஒரு இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 பேர் தற்கொலை செய்துகொண்டனர். கடும் நஞ்சுள்ள கிருமிநாசினிகள் ஒவ்வொன்றாகத் தடைசெய்யப்பட்டதும் பத்து ஆண்டுகளில் அது ஏறத்தாழப் பாதியாகியது. அவசரத்தில் கைக்கு எட்டாவிட்டால் உயிர் தப்பும் என்பதே இதன் பொருள். நமது பகுதி வயற்பகுதி. மருந்துப் போத்தல் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. வேறிடத்தில், பூட்டிய பெட்டியில் இருக்கவேண்டும். தற்கொலைக்கு முயல்வதை 1998 இலேயே நமது சட்டம் குற்றப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. ஆகவே உதவி கேட்டு வரப் பயப்பட வேண்டியதில்லை.

இவ்வேலையில் எனக்குக் கஷ்டமாக இருப்பது நோயாளர்களின் சத்தமல்ல. குணமாகி, உடுப்புப் பையைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருப்பவரின் வீட்டிலிருந்து "இன்னும் ஒரு மாதம் வைத்திருங்கள், மகளின் கலியாணம் முடியட்டும்" என்று வரும் தொலைபேசிதான். கலியாணம் முடிந்ததும் வேறொரு காரணம் வரும். மழைக்காலத்தில் கிட்டங்கிப் பாதையை வெள்ளம் மூடுவதுண்டு. நீர் வடிந்தால் பாதை திறக்கும். இந்த வழி அப்படித் தானாகத் திறப்பதில்லை. வீட்டில் ஓரிடம் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் நாங்கள் கட்டியதெல்லாம் சில வாரங்களில் சரிந்துவிடும். அவர் மீண்டும் வருவார். அப்போது வீட்டார், "பார்த்தீர்களா, குணமாகாத நோய்" என்பார்கள்.

இந்த இடத்தில்தான் நீங்கள் உதவலாம். உங்கள் ஒழுங்கையில் அப்படியொருவர் திரும்பி வந்தால் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். கல்லெறியும் சிறுவர்களைத் தடுங்கள். தண்ணீர் ஓதிக் கொடுப்பவர் கொடுக்கட்டும். கிளினிக் திகதியைத் தவறவிட வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லுங்கள். எவருக்காவது உடன் உதவி தேவையென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. அங்கொடை திறக்கப்பட்ட ஆண்டும் அதுவே என்பதால் மறக்காது.

இத்துறைக்கு வர விரும்பும் தங்கைமாருக்குப் பெரிய பட்டம் தேவையில்லை. பராமரிப்பாளர் தொழிலுக்குத் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் இருக்கிறது. சிங்களமும் கொஞ்சம் பேசத் தெரிந்தால் நல்லது. சொன்னதையே பத்துத் தடவை கேட்கும் பொறுமையும், கண்டதைக் கண்டபடி எழுதும் கையும் வேண்டும். ஒரு காலத்தில் நாம் உறங்குவதற்காக விழித்திருந்தவர்கள் இவர்கள். அவர்கள் உறங்கும்போது ஒருவர் விழித்திருப்பது நியாயமான வேலைதான்.