ரோஜா அத்தரும் சந்தன அத்தரும்

ஹர்ஷவர்த்தனர் அரசு வீற்றிருந்த கன்னோசி நகரத்து அத்தர்க் கடைகளில், மலரின் பரிமளத்தை நாடுவோர் ரோஜா அத்தரையும், மரத்தின் பரிமளத்தை நாடுவோர் சந்தன அத்தரையும் கேட்பது வழக்கம். இரண்டு குப்பிகளையும் முன்வைத்துக்கொண்டு எதை எடுப்பது என்று மயங்குவோர், அவை பிறக்கும் விதத்தை அறிந்தால் மயக்கம் பாதி தெளியும்.

வெயில் ஏறுமுன் பறித்த ரோஜா மலர்களை ‘தேக்’ எனப்படும் பெரிய செப்புக் கொப்பரையில் நீரோடு இட்டு, மூடியின் விளிம்பைப் பஞ்சு கலந்த களிமண்ணால் ஆவி கசியாதபடி பூசி, இளந்தணலில் காய்ச்சுவார்கள். எழும் ஆவி மூங்கிற் குழல் வழியே இறங்கி, தொட்டி நீரில் அமிழ்ந்திருக்கும் ‘பப்கா’ என்னும் செப்புக் குடத்தினுள் குளிர்ந்து திரவமாகும். அந்தக் குடத்தில் முன்கூட்டியே சந்தனத் தைலம் வார்க்கப்பட்டிருப்பதுதான் இத்தொழிலின் சூட்சுமம். மலரின் வாசனையைத் தைலம் கிரகித்துக்கொள்ள, பிரிந்து நிற்கும் நீரை மட்டும் வடித்து மீண்டும் கொப்பரையில் ஊற்றி, நாள்தோறும் புதுமலர் இட்டு, தைலம் போதிய வாசனை ஏறும் வரையில் வாலை வடிப்பார்கள். உஷ்ணமானி எதுவும் இல்லாமல், குடத்தைத் தொட்டுப் பார்த்தும் ஆவியின் ஓசையைச் செவியால் கேட்டும் தணலைக் கூட்டிக் குறைக்கின்ற அத்தொழிலாளரின் அனுபவ ஞானம், என் எண்ணத்தில், எந்த ரசாயன சாலையின் சாஸ்திரத்துக்கும் இளைத்ததன்று. முடிவில் அத்தரைத் தோற்குப்பியில் அடைத்து வைக்க, எஞ்சிய ஈரம் தோலின் வழியே வெளியேறிவிடும்.

ஆகவே, முறைப்படி வடித்த ரோஜா அத்தருக்குள்ளேயே சந்தனமும் இருக்கிறது. ரோஜாவின் வாசனைப் பொருள்களுள் ஒன்றான ஜெரானியோலின் மூலக்கூறில் கரி அணுக்கள் 10. சந்தனத்தின் சாரமாகிய சாண்டலாலிலோ 15. இலேசானது விரைந்து ஆவியாகும், கனத்தது தங்கும். அதனால்தான் மணிக்கட்டில் தடவியவுடன் ரோஜா முந்திக்கொண்டு நாசியை நிறைக்க, சில மணி நேரத்திற்குப்பின் சந்தனம் மேலோங்குகிறது. தனிச் சந்தனத் தைலத்திலோ இத்தகைய மாற்றம் மிகக் குறைவு. தொடக்கத்தில் அடக்கமாய்த் தோன்றும் அதே வாசனை பொழுது சாய்ந்தும் ஏறக்குறைய அவ்வாறே நிற்கும். ஜவ்வாது மலையிலும் மைசூர்க் காடுகளிலும் வளரும் அம்மரத்தில் வைரம் பாய்வதற்கே பல்லாண்டுகள் செல்லுமாதலின், அதன் விலையைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

அவ்விலை காரணமாகவே இக்காலத்தில் பல அத்தர்களின் அடித்தளத்தில் சந்தனத் தைலத்திற்குப் பதிலாகத் திரவ பாரபின் இடம்பெறுகிறது. குப்பியை மோந்தவுடன் தீர்மானிப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். இரண்டு அத்தரையும் இரு கைகளில் தனித்தனியே தடவிக்கொண்டு, கடையை விட்டு வெளியேறி, மாலையில் மீண்டும் மோந்து பார்ப்பதே முறை. மலர் ஓய்ந்த இடத்தில் சந்தனம் தலைகாட்டினால், ரோஜா அத்தரையே நான் வாங்குவேன், ஒரு விலையில் இரண்டும் கிடைப்பதால். வெறும் எண்ணெய்ப் பிசுக்கே எஞ்சுமானால், சிறிதளவானாலும் தனிச் சந்தனத்தைக் கேட்பேன்.