வண்ணமும் விலையும்

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்பது நம்மவர் பழமொழி. கட்டிய வீட்டுக்கு வண்ணம் பூசிப் பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வீடு கட்டுபவர் செங்கல்லை எண்ணுகிறார். சிமெண்ட் மூட்டையை எண்ணுகிறார். கம்பியை எடை போட்டு வாங்குகிறார். வண்ணம் பூசும் வேலைக்கு வரும்போது மட்டும், "மொத்தமாக என்ன கேட்கிறீர்கள்?" என்ற ஒரே கேள்வியோடு முடித்துக்கொள்கிறார். அந்த ஒரு கேள்விக்குச் சொல்லும் விடையில்தான் வண்ணம் பூசுபவரின் குடும்பம் வாழ்வதும் தாழ்வதும் இருக்கிறது.

என் தந்தையார் பெயிண்டிங் மேஸ்திரி. பள்ளி நாள் முதல் விடுமுறைகளில் அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிப்பதும், அளவுகளை நோட்டில் எழுதுவதும் என் வேலை. இக்கல்லூரியில் வணிகவியல் பயில வந்தபின், அடக்கவிலைக் கணக்கியல் வகுப்பில் மூலப்பொருள், கூலி, மேற்செலவு, இலாபம் என்று பேராசிரியர் கரும்பலகையில் எழுதியபோது, இவை எனக்குப் பழகிய முகங்களாகவே இருந்தன. ஏட்டில் உள்ளதும் சுவரில் உள்ளதும் ஒன்றே என்பதை நண்பர்களுக்கு எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் சுவரைப் பார்

விலை சொல்வதற்கு முன் அளக்க வேண்டும். அளப்பதற்கு முன் பார்க்க வேண்டும். தொலைபேசியில், "நாலு அறை, ஒரு ஹால், எவ்வளவு ஆகும்?" என்று கேட்பவருக்கு என் தந்தையார் தொகை சொல்வதேயில்லை. "நேரில் வந்து பார்த்துவிட்டுச் சொல்கிறேன் ஐயா" என்பதுதான் அவர் விடை.

பார்ப்பது என்றால் என்ன? உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பார்ப்பார். கையில் வெண்பொடி ஒட்டினால் அது பழைய சுண்ணாம்பு. அதன்மேல் எமல்ஷன் நிற்காது. சுண்ணாம்போடு சேர்ந்து உரிந்து வந்துவிடும். எனவே முழுவதும் சுரண்ட வேண்டும். விரல் முட்டியால் தட்டுவார். வெற்றொலி கேட்டால் சிமெண்ட் பூச்சு சுவரை விட்டுப் பிரிந்திருக்கிறது என்று பொருள். அது கொத்தனார் வேலை. சுவரின் அடிப்பாகத்தில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருந்தால், அதற்கு வண்ணம் மருந்தாகாது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டு அடைத்தாக வேண்டும். புதுச்சுவராயின், பூச்சு வேலை முடிந்து குறைந்தது 28 நாட்களாவது ஆகி, நன்கு உலர்ந்திருக்க வேண்டும்.

ஒரே அளவுள்ள இரண்டு அறைகளில், ஒன்றுக்கு மூன்று ஆள் வேலையும் மற்றொன்றுக்கு எட்டு ஆள் வேலையும் பிடிப்பது இதனால்தான். "சதுர அடிக்கு என்ன விலை?" என்று மட்டும் கேட்பது, நோயாளியைப் பார்க்காமல் மருந்துக்கு விலை கேட்பது போன்றது.

பிறகு அள

நம் ஊர்ப்பக்கம் 100 சதுர அடியை ஒரு சதுரம் என்பார்கள். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். நான்கு சுவர்களின் சுற்றளவு 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. மேல்தளம் 120 சதுர அடி. ஆக 560 சதுர அடி, அதாவது ஐந்தரைச் சதுரத்துக்குச் சற்று அதிகம்.

கதவையும் சன்னலையும் கழிக்க வேண்டாமா என்று நண்பர்கள் கேட்கலாம். இதற்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் ஐ.எஸ். 1200 என்னும் அளவை விதிகள் வழி சொல்கின்றன. அரைச் சதுர மீட்டருக்கு (சுமார் 5.4 சதுர அடி) மேற்படாத திறப்புகளுக்குக் கழிவு இல்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் (சுமார் 32 சதுர அடி) வரை, சுவரின் இருபுறமும் ஒரே விதமாகப் பூசினால், ஒரு புறத்துக்கு மட்டுமே கழிவு. அதற்கும் மேற்பட்டால் இருபுறமும் கழித்துவிட்டு, திறப்பின் உள்விளிம்புகளைத் தனியே அளந்து சேர்க்க வேண்டும். காரணம் எளிது. கதவு ஓரத்தில் கோடு பிசகாமல் பிரஷ் பிடிக்கும் நேரம், வெறும் சுவரில் ரோலர் உருட்டும் நேரத்தைவிட அதிகம். சிறு திறப்புகளைக் கழிக்காமல் விடுவது அந்த உழைப்புக்கு ஈடு. ஆனால் இதை வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பின்னால் சொன்னால் அது கணக்காகத் தோன்றாது, சூழ்ச்சியாகத் தோன்றும்.

மரவேலைக்கும் இரும்பு வேலைக்கும் வேறு கணக்கு. 3 அடிக்கு 7 அடி கதவு 21 சதுர அடிதான். ஆனால் பலகை பதித்த கதவில் மேடும் பள்ளமும் விளிம்பும் உண்டு. ஆதலால் பொதுப்பணிக் கணக்குகளில் அதன் ஒவ்வொரு பக்கத்தையும் 1.3 ஆல் பெருக்குவார்கள். இரு பக்கமும் சேர்த்து 54.6 சதுர அடி ஆகிறது. முழுக்கண்ணாடிக் கதவுக்கு 0.8, மடக்குக் கதவுக்கு 1.5 என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெருக்கெண் உண்டு.

பொருட் கணக்கு

மேலே சொன்ன அறை பழைய சுண்ணாம்புச் சுவர் என்று கொள்வோம். சுரண்டி, இரண்டு முறை பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, ஒரு பூச்சு பிரைமரும் இரண்டு பூச்சு எமல்ஷனும் அடிக்க வேண்டும். டப்பாவில் அச்சிட்டிருக்கும் பரப்பளவு நல்ல சமமான சுவருக்கு உரியது. மேடு பள்ளமான சுவர் அதைவிட அதிகமாகக் குடிக்கும். எங்கள் நோட்டில் உள்ள கணக்கு இது: இரு முறை பட்டிக்குக் கிலோவுக்கு 15 சதுர அடி; பிரைமர் லிட்டருக்கு 100 சதுர அடி; எமல்ஷன் இரண்டு பூச்சுக்குமாக லிட்டருக்கு 60 சதுர அடி.

இதன்படி 560 சதுர அடிக்குப் பட்டி ஏறத்தாழ 37 கிலோ, அதாவது 40 கிலோ மூட்டை ஒன்று. பிரைமர் 6 லிட்டர். எமல்ஷன் 10 லிட்டர். விளக்கத்துக்காக, பட்டி மூட்டை 1,000 ரூபாய், பிரைமர் லிட்டர் 150, எமல்ஷன் லிட்டர் 300 என்று வைத்துக்கொண்டால் 1,000 + 900 + 3,000 = 4,900 ரூபாய். உப்புத்தாள், ஒட்டுநாடா, தரையை மூடும் தாள், பிரஷ் ரோலர் தேய்மானம் 300. ஆகப் பொருட்செலவு 5,200 ரூபாய்.

வரியையும் இங்கே நினைவில் கொள்ள வேண்டும். வண்ணப்பூச்சுகளுக்கு 2017 ஜூலை 1 முதல் 28 சதவீதமாக இருந்த சரக்கு சேவை வரி, 2018 ஜூலை 27 முதல் 18 சதவீதமாயிற்று. பதிவு பெற்ற பெரிய ஒப்பந்தக்காரர் தாம் செலுத்திய உள்ளீட்டு வரியைக் கணக்கில் ஈடுசெய்ய வழியுண்டு. பதிவு இல்லாத சிறு மேஸ்திரிக்கு அந்த வழியில்லை. அவருக்கு வரியும் அடக்கவிலையே.

ஆள் கணக்கு

பொருளைவிட ஆள்தான் அதிகம் விழுங்கும். சுரண்டிக் கழுவ 2 ஆள் நாள், இரு முறை பட்டி பார்த்துத் தேய்க்க 3, பிரைமருக்கு அரை, எமல்ஷன் இரண்டு பூச்சுக்கு 2, துடைத்துக் கூட்டி ஒப்படைக்க அரை. மொத்தம் 8 ஆள் நாட்கள். இருவர் செய்தால் நான்கு நாள் வேலை. பெயிண்டர் கூலி 1,000, உதவியாள் கூலி 800 என்று கொண்டால் 4,000 + 3,200 = 7,200 ரூபாய்.

அடர்ந்த நிறத்தின்மேல் வெளிர் நிறம் கேட்டால் இன்னொரு பூச்சு வேண்டியிருக்கும். ஓர் அறைக்கு இரண்டு நிறம் கேட்டால் ஓர வேலை கூடும். மாடிப்படிக் கூடத்துக்குச் சாரம் கட்ட வேண்டும். வீட்டுக்காரர் குடியிருந்தபடியே வேலை நடந்தால், பீரோவையும் கட்டிலையும் நகர்த்தவே அரைநாள் போகும்.

பழைய எனாமல் பூசிய கதவு, கம்பிகளைத் தேய்ப்பதில் இன்னொரு எச்சரிக்கை தேவை. வீட்டு வண்ணங்களில் ஈயத்தின் அளவு பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2016 இல் இயற்றப்பட்டு, 2017 நவம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசியவற்றில் ஈயம் அதிகம் இருக்கக்கூடும். அந்தத் தூசி தொழிலாளியின் நெஞ்சிலும், தவழும் குழந்தையின் கையிலும் போய்ச் சேரும். ஆகவே தண்ணீர் தொட்டுத் தேய்க்க வேண்டும். மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நேரம் கூடத்தான் செய்யும். அந்த நேரத்துக்கும் கணக்கில் இடம் கொடுப்பதே நேர்மை.

கண்ணுக்குத் தெரியாத செலவு

ஏணி, சாரக்கம்பு, வண்டிக்குப் பெட்ரோல், தொலைபேசி, விலை சொல்லப் போய்க் கிடைக்காமற்போன வேலைகளுக்கு அலைந்த நேரம் ஆகிய யாவும் மேற்செலவு. ஆண்டு முழுவதும் வேலை இருப்பதில்லை. தைப் பொங்கலுக்கு முன் எல்லாரும் ஒரே நேரத்தில் அழைப்பார்கள். ஆடியில் புதுமனை புகுவிழா இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவரில் கைவைக்க முடியாது. எங்கள் நோட்டின்படி சென்ற ஆண்டு வேலை நடந்தது 230 நாள். மேற்செலவு 69,000 ரூபாய். எனவே ஒரு வேலை நாள் 300 ரூபாயைச் சுமக்க வேண்டும். நான்கு நாளுக்கு 1,200.

இப்போது கூட்டுவோம். பொருள் 5,200, கூலி 7,200, மேற்செலவு 1,200. அடக்கவிலை 13,600 ரூபாய். இதன்மேல் 15 சதவீதம் இலாபம் 2,040. ஆக 15,640. இதை 560 ஆல் வகுத்தால் சதுர அடிக்கு ஏறத்தாழ 28 ரூபாய். அடக்கவிலையில் 15 சதவீதம் என்பது விற்பனை விலையில் 13 சதவீதமே என்பதை வணிகவியல் நண்பர்கள் கவனிக்க வேண்டும். இந்த வேறுபாட்டை அறியாமல், "15 சதவீதம்தானே, 15 சதவீதம் தள்ளுபடி தரலாம்" என்று இறங்குபவர் அடக்கவிலைக்கும் கீழே போய்விடுவார்.

மேஸ்திரி தானும் பிரஷ் பிடித்தால், அவருடைய கூலி ஆள் கணக்கில் வர வேண்டும். இலாபம் வேறு, கூலி வேறு. கூலி அன்றைய உழைப்புக்கு. இலாபம் நட்டத்தைத் தாங்கவும் தொழிலை வளர்க்கவும். இரண்டையும் ஒன்றாக எண்ணும் மேஸ்திரி ஓயாது வேலை செய்தும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் இருப்பார்.

குறைந்த விலையின் கதை

இதே அறைக்கு வேறொருவர் வந்து, "சதுர அடிக்கு 20 ரூபாய் போதும்" என்கிறார். மொத்தம் 11,200 ரூபாய். பொருளும் கூலியும் மட்டுமே 12,400 ஆகிறதே! குறையும் 1,200 ரூபாய் எங்கிருந்து வரும்? வானத்திலிருந்து வராது. ஒன்று, இரண்டாவது பூச்சை அடிக்காமல் விட வேண்டும், அல்லது வண்ணத்தில் தண்ணீரைக் கூட்ட வேண்டும். அப்போது தருவது சுவர். அல்லது உதவியாளின் கூலியைக் குறைக்க வேண்டும்; அப்போது தருவது ஏழையின் வயிறு. இரண்டையும் செய்ய மனமில்லாதவர் தம் வீட்டிலிருந்து தர வேண்டும்.

எங்கள் தெருவிலேயே அப்படி ஒரு மேஸ்திரி இருந்தார். நல்ல கைவேலைக்காரர். வேலை கைவிட்டுப் போய்விடுமோ என்ற அச்சத்தில், ஒரு பெரிய வீட்டைச் சுவரைத் தட்டிப் பாராமலே குறைந்த தொகைக்கு ஒப்புக்கொண்டார். பாதி வேலையில் ஓதம் தெரிந்தது. பட்டி இரண்டு முறை உரிந்தது. பேசிய தொகைக்கு மேல் ஒரு காசு தர வீட்டுக்காரர் உடன்படவில்லை. தீபாவளிக்கு முதல் நாள் ஆட்களுக்குக் கூலி கொடுக்க, அவர் மனைவியின் காதுத்தோடு அடகுக் கடைக்குப் போயிற்று. அவர் இன்று வேறொருவரிடம் நாள் கூலிக்குப் போகிறார். அவருக்குக் கைத்திறனில் குறைவில்லை. கணக்கில் ஒரு வரி குறைந்துவிட்டது, அவ்வளவே.

எழுத்தில் இருக்கட்டும்

ஆதலால் விலைப்புள்ளியை எழுதிக் கொடுப்பதே நலம். எந்த அறை, எத்தனை சதுர அடி, எத்தனை பூச்சு, எந்தத் தரத்துப் பொருள், பொருள் யார் பொறுப்பு, சாரம் யார் செலவு, மறைந்திருக்கும் ஓதமோ வெடிப்போ வெளிப்பட்டால் அதற்குத் தனிக்கூலி என்ன, பணம் எத்தனை தவணை என்பன அதில் இருக்க வேண்டும். பொருள் வாங்கும் அளவுக்கு முன்பணம், பட்டி முடிந்ததும் ஒரு பகுதி, ஒப்படைத்தபின் மீதி என்பது எங்கள் வழக்கம். வேலை நடுவில், "அப்படியே இந்தக் கதவையும் பார்த்துவிடு மேஸ்திரி" என்று அன்போடு சொல்வார்கள். "செய்துவிடலாம் அம்மா, இதை நோட்டில் சேர்த்துக்கொள்கிறேன்" என்று அதே அன்போடு சொல்லத் தெரிய வேண்டும்.

நண்பர்களே! நம்மில் பலர் கொத்தனார், தச்சர், பெயிண்டர், தையற்காரர் வீடுகளிலிருந்து வருகிறோம். நம் பெற்றோரின் தொழில்களில் கைத்திறனுக்குப் பஞ்சமில்லை. கணக்கெழுதும் பழக்கத்துக்குத்தான் பஞ்சம். நாம் மூன்றாண்டு பயிலும் கணக்கியலை ஒரு நோட்டுப் புத்தகமாக வீட்டுக்கு எடுத்துச் சென்றால், பட்டம் பெறும் முன்பே கல்வி பயன் தந்ததாகும். பேராசிரியப் பெருமக்களும் ஆண்டுக்கு ஒருமுறை உள்ளூர்த் தொழில் ஒன்றின் அடக்கவிலையைக் கண்டறியும் பயிற்சியை மாணவர்க்குத் தந்தால் நலமாயிருக்கும்.

உங்கள் வீட்டுக்கு வண்ணம் பூச ஒருவர் வந்தால், "எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்பதற்கு முன், "எத்தனை பூச்சு அடிப்பீர்கள்? சுவரைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள். தட்டிப் பார்த்து, அளந்து, எழுதி விலை சொல்பவரை நம்புங்கள். அவர் கேட்கும் விலையில் உங்கள் சுவரும் இருக்கிறது. அவர் வீட்டு அடுப்பும் இருக்கிறது.